கடைமடை அணி

எங்கள் அணிகளுக்குப் பெயர் கிடையாது. லைனுக்கு இந்தப் பக்கம், லைனுக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். லைன் என்றால் ரயில் தண்டவாளம். ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோடும் தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். வடக்கே வண்டலூர், தெற்கே கூடுவாஞ்சேரி. ரோட்டுக்குக் கிழக்கே மேட்டு நிலமும் ஏரியும் இருந்தன. தண்டவாளத்துக்கு மேற்கே தரை மெல்லச் சரிந்து ஆதனூர் பக்கம் இறங்கும். நாங்கள் கிழக்கு, அவர்கள் மேற்கு. மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வண்டலூர் உயிரியல் பூங்கா 1985இல் திறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. காற்று வாட்டமாக வீசினால் விடியற்காலையில் சிங்கத்தின் குரல் கேட்கும் என்று பாட்டி சொல்வாள். எனக்குக் கேட்டதில்லை. ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழும் கூச்சல் எந்தக் காற்றிலும் நன்றாகவே கேட்கும்.

கோடையில் ஏரி வற்றினால் உள்வாய்தான் மைதானம். பாளம் பாளமாக வெடித்த களிமண்ணை மிதித்துச் சமமாக்கி பிட்ச் போடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் ரோட்டோரத்தில் புதிதாக மனை பிரித்துச் செம்மண் அடித்திருந்த இடத்துக்கு வந்துவிடுவோம். வயலை விற்று மனை போடும் வேலை அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. மனைக்கல்தான் எங்களுக்கு பவுண்டரி. கல் எங்கே நட்டிருக்கிறது என்பதில் கூட ஒருநாள் சண்டை வந்தது. நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை, ராத்திரி யாரோ தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். பெரியவர்களும் அந்த வருடங்களில் அதே கல்லைப் பற்றித்தான் சர்வேயரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மட்டை அவர்களுடையது. அவர்கள் தலைவனின் தாய்மாமன் தச்சு வேலைக்காரர். வேம்பில் இழைத்துக் கொடுத்திருந்தார். கனமான மட்டை, பட்டால் பந்து பறக்கும். பந்து எங்களுடையது. ரப்பர் பந்து விற்கும் பெட்டிக்கடை எங்கள் பக்கம் இருந்ததால் காசு சேர்த்து வாங்குவது எங்கள் வேலை என்று எப்போதோ ஏற்பட்டுவிட்டது. அம்பயர் எப்போதும் பேட்டிங் சைடிலிருந்துதான். ஆகவே ரன் அவுட் என்ற ஒன்று எங்கள் ஆட்டத்தில் சண்டையில்லாமல் நடந்ததே கிடையாது. "அழுகுணி ஆட்டம்டா!" என்று ஒரு குரல் கிளம்பும். மட்டைக்காரன் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நடப்பான். நாங்கள் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் திரும்புவோம்.

போகிறபோது ஏச்சு. இதுதான் முக்கியம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாங்கள் கத்துவது: "எங்க ஏரித் தண்ணியக் குடிச்சி வளந்தவனுங்கதானடா நீங்க!" அவர்கள் திருப்பிக் கத்துவது: "போங்கடா மடை திருடனுங்களா!" இந்த இரண்டும் எங்களுக்கு மட்டையும் பந்தும் போலக் கைக்கு வந்த பொருள்கள். யார் முதலில் சொன்னார்கள், ஏன் ஏரி, ஏன் மடை என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. கெட்ட வார்த்தைக்கு யாராவது பொருள் கேட்பார்களா? அதன் சூடுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் அதே இடத்தில் நிற்போம். காய் விட்டவன் பழம் விடுவான். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் இருக்காது. பந்து இல்லாமல் அவர்களால் ஆட முடியாது, மட்டை இல்லாமல் எங்களால் முடியாது. தென்னை மட்டையைச் செதுக்கி எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்த்ததும் உண்டு. அதில் சுவையில்லை. ஜெயித்தால் யாரைப் பார்த்துக் கத்துவது?

1991 தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று, 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. அந்தப் பக்கம் முழுக்க ரஜினி, இந்தப் பக்கம் முழுக்க கமல். ரஜினியைப் பிடித்தவன் எங்கள் தெருவிலும் இருந்தான், வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே கிழிந்திருந்த கோட்டின் மேல்தான் சினிமாவும் போய் உட்கார்ந்தது. இந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

அந்த டிசம்பரில்தான் அவன் வந்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து உறவுக் குடும்பம் ஒன்று இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியது. காவிரி நடுவர் மன்றம் ஜூன் 25 அன்று தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் வருடத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. டிசம்பர் 11 அன்று அது மத்திய அரசிதழில் வெளியானது. மறுநாளே பெங்களூரில் தமிழர்களின் கடைகளும் குடிசைகளும் எரியத் தொடங்கின. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிடைத்த ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி எல்லை தாண்டின. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, எங்கள் வயதில் ஒரு பையன் வந்திருக்கிறான், நல்ல ஷூ போட்டிருக்கிறான், கிரிக்கெட் ஆடுவான் என்பதுதான்.

ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் மிஞ்சுகிறவனைக் காமன் ஆக்குவது வழக்கம். காமன் இரண்டு பக்கத்துக்கும் பேட்டிங் பிடிப்பான். அவனை எங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளத்தான் நாங்கள் நினைத்தோம், எங்கள் தெருவில் இருப்பவன் அல்லவா? "காமனாவே இருக்கேன்" என்று அவன் சொன்னான். ஆள் சரியாக இருந்த நாளிலும் அதையே சொன்னான். அழகாக ஆடினான். முதல் இன்னிங்ஸில் எங்களுக்கு அடித்ததைப் போலவே இரண்டாவதில் அவர்களுக்கும் அடித்தான். எங்களுக்கு அது பொறுக்கவில்லை. அவன் தங்களுக்கு ஆடும்போது மனசில்லாமல் ஆடுகிறான் என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட்டது.

ஒருநாள் வழக்கமான ரன் அவுட், வழக்கமான கூச்சல். அவர்கள் தலைவன் ஸ்டம்புக்கு நட்டிருந்த குச்சியைப் பிடுங்கி ஓங்கினான். ஓங்குவானே தவிர அடிக்க மாட்டான், எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்திலும் ஒருவன் கல்லை எடுத்தான். அவனும் எறிய மாட்டான். பெங்களூர்ப் பையனுக்கு மட்டும் அது தெரியாது. அவன் முகம் வெளுத்துப்போய், வீட்டுக்கு ஓடாமல், மனைக்கல்லை ஒட்டிக் குந்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். குச்சியும் கல்லும் கீழே விழுந்தன. அன்றைக்கு எல்லோரும் பேசாமல் கலைந்தோம். மறுநாள் அவன் தானாகவே வந்தான், வந்து ஆடவும் செய்தான். தெருவில் தன்னோடு ஆடிய கன்னடப் பையன்களின் பெயர்களைப் பந்து பொறுக்கப் போன இடத்தில் என்னிடம் வரிசையாகச் சொன்னான். அவர்களும் இரண்டு அணிதானாம். ஆனால் அந்த அணிகளில் தமிழும் கன்னடமும் கலந்து இருந்தனவாம். பொங்கல் தாண்டிக் கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் திரும்பிப் போய்விட்டது.

சின்னப் பிள்ளைகளின் சண்டை வளர்ந்துதான் பெரியவர்களின் சண்டை ஆகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. கல்லூரிப் படிப்பில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளரின் பெயர் வந்தபோது அது இன்னும் குறைந்தது. 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில், பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்களை இரண்டு கூட்டமாக அவர் தங்கவைத்தார். ஒரு வாரம் வரை ஒரு கூட்டம் இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிறகு பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டி வைத்தார். சில நாட்களில் ஒருவர் கொடியை ஒருவர் கொளுத்தினார்கள், குடில் புகுந்து சூறையாடினார்கள். கழுகுகள் என்று ஒரு கூட்டம், விரியன்கள் என்று ஒரு கூட்டம், பெயர்கூட அவர்களே வைத்துக்கொண்டது. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்.

அதிகம் சொல்லப்படாத செய்தி, 1953இல் அவர் நியூயார்க் மாநிலத்தில் நடத்திய முந்தைய முயற்சி. அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு பிரித்தார். பெரியவர்கள் எவ்வளவோ தூண்டியும் சண்டை பற்றவில்லை. தங்களை மூட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று பையன்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பாதியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஷெரிஃப் துருக்கியில் பிறந்தவர். 1919இல் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியபோது நடந்த கொலைகளைச் சிறுவனாகத் தன் கண்ணால் பார்த்தவர். பெரியவர்களின் சண்டையைப் பார்த்த பிள்ளை, பெரியவரானதும் பிள்ளைகளைச் சண்டை போடவைத்து அதைப் புரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். இந்தப் பையன்கள் யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்ற கேள்விதான் எனக்கு அதைப் படித்ததிலிருந்து உறுத்தியது. எங்களைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க இன்னும் ஒரு பெருமழை வரவேண்டியிருந்தது.

2015 டிசம்பர் 1. அந்த இரவின் மழையைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எதுவும் விளக்க வேண்டாம். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அடையாறு ஆறாகத் திரள்வதே ஆதனூர் பக்கம்தான். கூடுவாஞ்சேரி நந்திவரம் ஏரியின் உபரி நீரும் ஊரப்பாக்கம் ஏரித் தண்ணீரும் ரோட்டையும் தண்டவாளத்தையும் கடந்து அங்கேதான் போய்ச் சேர வேண்டும். அது போன வழியெல்லாம் வயலாக இருந்தவரை யாருக்கும் கவலையில்லை. இப்போது அங்கே நகர் நகராக வீடுகள். போக்குக்கால் இருந்த இடத்தில் தெரு, தெருவுக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய். அந்தக் குழாய்க்குள் அத்தனை தண்ணீர் எப்படிப் போகும்?

இரண்டு நாளாக வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரோடு நின்றவர்கள் ஒரு பக்கம். நடுவில் மண்ணடித்து உயர்த்திய சாலை. அதற்கு அந்தப் பக்கம் முழங்காலளவு தண்ணீரோடு இன்னொரு கூட்டம். சாலையை வெட்டிவிட்டால் இங்கே வடியும், அங்கே ஏறும். ஜே.சி.பி. ஒன்று எங்கிருந்தோ வந்து நின்றது. அதன் முன்னால் மேற்குப் பக்கத்துப் பெண்கள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யார் முதலில் கை வைத்தார்கள் என்று இன்றுவரை இரண்டு கதை உண்டு. அந்தக் கூச்சலில், அறுபது வயது தாண்டிய ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்: "மடை திருடுன பசங்கதானடா நீங்க, வேற என்ன பண்ணுவீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் வார்த்தை. அதாவது எங்களுக்கு எதிரான வார்த்தை. மனைக்கல்லுக்கு அருகே, சிவந்த புழுதியில், அரைக்கால் சட்டைப் பையன்கள் கத்தியது. அதை ஒரு கிழவர் எங்களிடமிருந்து கற்றிருக்க முடியாது.

சாலை அன்றிரவு வெட்டப்பட்டது. இங்கே வடிந்தது. அங்கே ஏறியது. பிறகு மனு, எதிர்மனு. உங்கள் மனைப்பிரிவுதான் போக்குக்காலை அடைத்தது என்று அவர்கள், உங்களுடையதுதான் என்று நாங்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது பழைய மட்டைக்காரன். அவர்கள் தலைவன். தலை நரைத்து, மின்சார வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவனாக இருந்தான். கையில் சுருட்டிய கிராம வரைபடத்தின் நகல். பழைய போக்குக்கால் எந்தச் சர்வே எண் வழியாகப் போனது என்று வரைபடத்தில் இருக்கிறது, தரையில் எங்கே என்று சொல்ல ஏர் ஓட்டிய ஆள் வேண்டும், உங்க அப்பா ஒருத்தர்தான் மிச்சம் என்றான். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு பையன்பா நீ?"

அவன் சொன்னான். அப்பா முகம் மாறியது. "கடைமடைக்காரன் மவனா?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆமா பெரியப்பா" என்று அவனே உட்கார்ந்துகொண்டான்.

அன்று மத்தியானம் வரை நடந்த பேச்சில் நான் தெரிந்துகொண்டது இது. ஏரிக்குப் பக்கத்து நிலம் மேல்மடை. தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த நிலம் அதே ஏரியின் கடைமடை. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள், இத்தனை நாழிகை இவர்களுக்கு, இத்தனை அவர்களுக்கு என்று. எழுபதுகளில் ஒரு வறட்சி வருடத்தில் கடைமடையின் முறையில் ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்கால் அடைக்கப்பட்டது. விடிந்ததும் மண்வெட்டிகளோடு மதகடியில் மோதினார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதற்கும் போக்குவரத்து இல்லை. பிள்ளைகளை லைனைத் தாண்டிப் போகக் கூடாது என்று கண்டித்து வைத்தார்கள்.

நாங்கள் அணி பிரித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மதகு பிரித்துவைத்த ஆயக்கட்டின்படி அணியாகப் பிறந்திருக்கிறோம். ஒருவனாவது மாறி நின்றதில்லை. எங்கள் ஆட்டம் ஒரு கோர்ட் வழக்கின் தொடர்ச்சி என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

"முறை எங்களுது" என்றார் அப்பா. "அவங்களுது காலையில வெள்ளி முளைச்ச பிறகுதான்."

"எங்க தாத்தா சொன்னது வேற பெரியப்பா. சாமக்கோழி கூவினா எங்க முறை."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வரைபடம் இருவருக்கும் நடுவில் விரிந்தே இருந்தது. அம்மா இரண்டாவது தடவை காபி கொண்டுவந்தாள்.

பரம்பரையாகச் சண்டையைக் கைமாற்றிக் கொடுப்பதில் எங்கள் பக்கத்து மண்ணுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆதனூரைத் தாண்டி மேற்கே மணிமங்கலம் இருக்கிறது. பல்லவ அரசன் மகேந்திரவர்மனைச் சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி வென்றான். மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன், பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை முறியடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. பிறகு 642ஐ ஒட்டிப் புலிகேசியின் தலைநகர் வாதாபியையே கைப்பற்றினான். அது அங்கே முடியவில்லை. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, புலிகேசியின் எள்ளுப்பேரன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். நுழைந்தவன் ஊரைக் கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைத் தூணில் கன்னடத்தில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கொடுக்கப்பட்ட சண்டையை வாங்கிக்கொண்டு வந்த ஒருவன், வந்த இடத்தில் என்ன செய்வது என்பதைத் தானே முடிவு செய்திருக்கிறான். காஞ்சிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தூணின் முன்னால் நிற்பேன். பெங்களூர்ப் பையன் நினைவுக்கு வருவான்.

குடிமராமத்து என்று சொல்லி ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தை 2017 மார்ச்சில் அரசு தொடங்கியதும் அதே மணிமங்கலம் ஏரியில்தான். ஊரார் சேர்ந்து ஏரியைப் பராமரிப்பது பழைய வழக்கம். மதகடியில் மண்டை உடைத்துக்கொண்ட அதே ஆட்கள் அடுத்த சித்திரையில் கரைக்கு மண் போட ஒன்றாக வந்தாக வேண்டியிருந்தது என்று அப்பா சொன்னார். பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கூடை கைமாறும். வயல் போனதும் அந்த வேலை போயிற்று. வேலை போனதும் சண்டை மட்டும் தனியாக நின்றது. எங்களுக்கு மட்டையும் பந்தும் செய்ததை அவர்களுக்கு அந்தக் கரை செய்திருக்கிறது என்பதைத் திண்ணையில் அன்று உட்கார்ந்திருந்தபோதுதான் கண்டேன். இன்று அந்த மாதிரி ஒரு பொதுப் பொருள் இரண்டு நகர்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அடைபட்ட ஒரு சிமென்ட் குழாய் இருக்கிறது. அதை அதற்குமுன் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே நடந்து பார்த்தோம். அப்பா கைத்தடியோடு முன்னால், மட்டைக்காரன் வரைபடத்தோடு பக்கத்தில், இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேர். பூவரச மரம் நின்ற இடம், கல்மதகு இருந்த இடம் என்று அப்பா காட்டிக்கொண்டே போனார். கால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவருக்கு அடியில் புகுந்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்தத்துக்கு அடியில் வெளியே வந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு இருவருமே ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மனு இப்போது ஒன்றுதான், இரண்டு பக்கத்துக் கையெழுத்தோடு. முதலில் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது. 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் செங்கல்பட்டுக்குப் போனது. நடுவில் ஒரு பகுதிக்கு மூடுகால்வாய் வந்தது, மீதி வரவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ரோட்டில் தேங்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. மனுவில் ஓர் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது, காலின் பழைய அகலம். எட்டடி என்கிறார் அப்பா. பன்னிரண்டு என்கிறான் அவன். வரைபடத்தில் கோடு மங்கிவிட்டது. கல்மதகின் அடிக்கல் ஒன்று முட்புதருக்குள் கிடைத்திருக்கிறது, அதிலிருந்து அளந்தால் தெரிந்துவிடும் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை டேப் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அளக்கும்போது டேப்பின் கிழக்கு முனையைத் தான்தான் பிடிப்பேன் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார்.